இரண்டு வயது ரசிகருக்கு யார் டிக்கெட் எடுப்பது?



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு 'மழலையரும் கலையும்'. இந்தத் தலைப்பில் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போகலாம். குழந்தை சிரித்தால் பூ, குழந்தை நடந்தால் தேர் என்று சொல்லலாம். நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் அப்படிப் பேசிப் பேசியே நாம் ஒரு கேள்வியைக் காலங்காலமாகத் தள்ளிவைத்துவிட்டோம். அந்தக் கேள்வியை இன்று நேருக்கு நேர் கேட்கப்போகிறேன். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்காகப் பாட்டும் நாடகமும் படமும் உருவாக்குகிற கலைஞருக்கு யார் சம்பளம் தருவது? எதற்காகத் தருவது? எவ்வளவு காலம் தருவது?

ஆம், பணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். குழந்தை என்றதும் பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்புக்கு விலை கொடுப்பவர் கலைஞர். அவரைவிடப் பெரிய விலை கொடுப்பது குழந்தை.

முதலில் இந்தத் தொழிலின் கணக்கைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு நாடகம் போட்டால் ஐந்நூறு பேரை உட்கார வைக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாடகம் போட்டால்? ஐம்பது பேருக்கு மேல் போனால் கூட்டத்தைக் கண்டே பிள்ளை மிரண்டுவிடும். அந்த ஐம்பதிலும் பாதிப் பேர் தாயும் தகப்பனும். முக்கால் மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அரை மணியே உத்தமம். ஒலிபெருக்கி அலறக்கூடாது. விளக்கைச் சட்டென்று அணைக்கக்கூடாது. அழுகிற பிள்ளை வெளியே போய் மறுபடி உள்ளே வர வழி வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு டிக்கெட் விற்றுப் பிழைக்க முடியுமா? உலகத்தில் எந்த ஊரிலும் முடியாது.

அது மட்டுமா? பெரியவர்கள் நாடகத்துக்கு ஒத்திகை நாலு சுவருக்குள் நடக்கும். இங்கே பிள்ளைகள் இல்லாமல் ஒத்திகையே கிடையாது. ஒரு துணியை உயர்த்திப் பார்க்க வேண்டும். பிள்ளை துணியைப் பார்க்கிறதா, துணிக்குப் பின்னால் இருக்கும் கையைப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். மறுநாள் மாற்றிச் செய்து பார்க்க வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இப்படிப் போகும். அந்த மாதங்களில் வெளியே காட்ட ஒன்றும் இருக்காது. சுவரொட்டி இருக்காது, மேடை இருக்காது, புகைப்படம் எடுக்க வரும் பிரமுகர் இருக்க மாட்டார். ஆனால் வேலை முழுவதும் அந்த மாதங்களில்தான் நடக்கிறது. அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு ஊர் விடை சொல்லியிருக்கிறது. அந்த ஊருக்கு உங்களை அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

1945ஆம் ஆண்டு வசந்த காலம். வட இத்தாலி. இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரத்துக்கு அருகே வில்லா செல்லா என்று ஒரு சிற்றூர். பின்வாங்கிய ஜெர்மானியப் படை அங்கே ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் சில குதிரைகளையும் விட்டுவிட்டு ஓடியிருந்தது. ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? டாங்கியை விற்றார்கள், லாரியை விற்றார்கள், குதிரைகளை விற்றார்கள். வந்த காசில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கினார்கள். நிலம் ஒரு விவசாயி தந்தது. மணல் ஆற்றில் அள்ளியது. குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து செங்கல் வந்தது. பெண்கள் அந்தச் செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழுவி அடுக்கினார்கள்.

செய்தி கேட்டு ஓர் இளம் ஆசிரியர் சைக்கிளை மிதித்துக்கொண்டு பார்க்க வந்தார். வயது இருபத்தைந்துதான் இருக்கும். பெயர் லோரிஸ் மலகூட்ஸி. பார்த்தவர் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டார். 1994இல் கண்ணை மூடும் வரை அதை விடவில்லை. வீட்டில் கூரை இல்லை, அடுப்பில் உலை இல்லை, அந்த நிலையிலும் ஓர் ஊர் தன் கைக்கு வந்த முதல் காசை மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒதுக்கியது. நாமோ நிதிநிலை சரியானதும் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1963இல் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. ராபின்சன் என்று பெயர். மரத்தால் ஆன கட்டடம். சில ஆண்டுகளில் தீக்கு இரையானது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வேறு பள்ளிகள் எழுந்தன. அந்தப் பள்ளிகளில் மலகூட்ஸி ஒரு காரியம் செய்தார். அன்றைக்கு அது துணிச்சல்; இன்றைக்கும் துணிச்சல்தான். ஒவ்வொரு பாலர் பள்ளியிலும் ஒரு கலைக்கூடம் வைத்தார். அதெலியே என்று அதற்குப் பெயர். அந்தக் கூடத்தில் ஓர் ஓவியரையோ சிற்பியையோ, முறையாகக் கலை பயின்ற ஒருவரை அமர்த்தினார். அவருக்கு அதெலியரிஸ்தா என்று பெயர். அவர் ஆண்டுவிழாவுக்கு வந்துபோகிற விருந்தாளியா? இல்லை. நகராட்சி ஊழியர். காலையில் வருவார், பிள்ளைகளோடும் ஆசிரியைகளோடும் இருப்பார், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குவார்.

அன்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மானியம் தரவில்லை, பரிசு தரவில்லை, விருது தரவில்லை. சம்பளம் கொடுத்தார்கள். கலைஞரைப் பார்த்து, 'நீ என்ன செய்து முடிப்பாய் என்று முன்கூட்டியே எழுதிக்கொடு' என்று அவர்கள் கேட்கவில்லை. 'பிள்ளைகளோடு இரு, பார், செய்' என்றார்கள்.

அப்படி இருந்தவர்களில் ஒருவர் வேயா வெக்கி. 1970இல் தியானா என்ற பாலர் பள்ளியில் சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேயே அதெலியரிஸ்தாவாக வேலை பார்த்தார். ஒரு கலைஞருக்கு முப்பது ஆண்டுகள் ஒரே பாலர் பள்ளியில் வேலை! 1991இல் அமெரிக்காவின் நியூஸ்வீக் இதழ் உலகின் சிறந்த பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தபோது பாலர் பள்ளிகளில் தியானாவின் பெயரைச் சொன்னது. அது ஒரே ஆண்டில் விளைந்த பெருமை இல்லை.

தியானாவின் பிள்ளைகளிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர்களுக்கு ஐந்து, ஆறு வயது. ரெஜ்ஜோ நகரின் நடுவே அரியோஸ்தோ என்ற பழைய நாடக அரங்கம் இருக்கிறது. அதற்கு ஒரு புதிய திரைச்சீலை வேண்டும். அதைப் பிள்ளைகள் வடிவமைத்துத் தர வேண்டும். யாராவது நம் ஊரில் இப்படிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவியப் போட்டி நடந்திருக்கும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு. மாலையில் கதை முடிந்திருக்கும். அங்கே பிள்ளைகள் முதலில் ஆளில்லாத அரங்கத்துக்குள் போனார்கள். அந்த இடத்தின் அளவைக் கண்ணாலும் காலாலும் அறிந்தார்கள். பிறகு பள்ளிக்குத் திரும்பி வரைந்தார்கள், பேசினார்கள், ஒருவர் வரைந்ததற்குப் பக்கத்தில் இன்னொருவர் வரைந்ததை வைத்துப் பார்த்தார்கள். கணினியில் இடம் மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று இன்னொன்றாக உருமாறுவது என்ற எண்ணம் அவர்களிடமிருந்தே வந்தது. கடைசியில் அது பெரிதாக்கப்பட்டு மேடையின் திரையாகத் தொங்கியது. அந்த அனுபவத்தை 2002இல் நூலாகவும் கொண்டுவந்தார்கள். அரங்கத்துக்கு வரும் வயதுவந்தவர்கள், நாடகம் தொடங்குமுன் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஒரு கலைஞர் அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்திராவிட்டால் இது நடந்திருக்குமா?

ஐந்து வயது சரி, ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குக் கலை என்ன புரியும் என்று சிலர் கேட்பீர்கள். ரெஜ்ஜோவின் குழந்தைக் காப்பகம் ஒன்றில் எடுத்த சில புகைப்படங்கள் உலகம் முழுவதும் புகழ்பெற்றவை. லாரா என்ற பெண்குழந்தை. வயது பதினொரு மாதம். ஆசிரியையின் அருகில் அமர்ந்து கைக்கடிகாரப் படங்கள் அச்சிட்ட ஒரு விற்பனைப் புத்தகத்தைப் பார்க்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறது. ஆசிரியை தன் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதைக் குழந்தையின் காதருகே கொண்டுபோகிறார். டிக், டிக், டிக். குழந்தையின் முகம் மாறுகிறது. அடுத்த படத்தில் லாரா குனிந்து, காகிதத்தில் இருக்கும் கடிகாரத்தின் மேல் தன் காதை வைத்துக் கேட்கிறது.

பேச்சு வராத பிள்ளை ஓர் ஊகம் செய்கிறது: அந்தக் கடிகாரம் ஒலித்தால் இந்தக் கடிகாரமும் ஒலிக்க வேண்டுமே! படம் என்றால் என்ன, பொருள் என்றால் என்ன என்ற பெரிய கேள்விக்குள் பதினொரு மாதத்தில் நுழைந்துவிட்டது. கண் இமைக்கும் நேரம்தான். அதைக் காண ஆள் வேண்டும். கண்டதைப் பதிய வைக்கத் தெரிய வேண்டும். அவசரமில்லாமல் காத்திருக்க நேரம் வேண்டும். பார்க்கப் பழகிய கண் கலைஞரின் மூலதனம். அதனால்தான் அந்தக் கண்ணைப் பள்ளிக்குள் கொண்டுவர மலகூட்ஸி அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972 மார்ச்சில் அந்த நகராட்சி ஓர் எழுத்தாளரை அழைத்தது. குழந்தை இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்ற ஜன்னி ரொதாரி. ஒரு வாரம் ஆசிரியைகளோடு அமர்ந்து, கதை எப்படிப் பிறக்கிறது, பிள்ளைகளோடு சேர்ந்து கதை கட்டுவது எப்படி என்று பேசினார். அந்தப் பேச்சுகளிலிருந்து மறு ஆண்டு உருவான நூல்தான் கற்பனையின் இலக்கணம். அதை அவர் ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்கே காணிக்கையாக்கினார். ஒரு வாரச் செலவு. ஐம்பது ஆண்டுகளாக உலகம் படித்துக்கொண்டிருக்கிறது.

சரி, பொதுப்பணம் என்றால் கணக்குக் கேட்பார்களே? கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ரெஜ்ஜோவிலும் கேட்டார்கள். 1976இல் கத்தோலிக்கத் தரப்பினர் வானொலியில் நாள் தவறாமல் அந்தப் பள்ளிகளைச் சாடினார்கள். பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், மதத்துக்கு விரோதம் என்றார்கள். மலகூட்ஸி கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. பாதிரிமார்களையும் பெற்றோரையும் பள்ளிக்குள்ளேயே அழைத்து, மாதக்கணக்கில் விவாதம் நடத்தினார். பள்ளியின் சுவர்களில் பிள்ளைகளின் படங்கள் இருந்தன, அவர்கள் பேசியது எழுதி வைக்கப்பட்டிருந்தது, ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே போனது என்பது வரிசையாக இருந்தது. யாரும் வந்து பார்க்கலாம். அந்தப் பள்ளிகள் அன்று பிழைத்தன, இன்றும் நடக்கின்றன.

நம்மிடமும் கணக்கு உண்டு. பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒன்று கேட்பார்கள். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர், எத்தனை ரூபாய், ரசீது எங்கே? ரூபாய்க்கு ரசீது தர வேண்டியதுதான், தருவோம். ஆனால் ஐம்பது நிகழ்ச்சி நடத்தியவருக்கு அடுத்த தவணை, ஐந்து மாதம் ஒரே இருபது பிள்ளைகளோடு இருந்தவருக்கு விளக்கக் கடிதம் என்றால், அந்தக் கணக்கு குழந்தைக்கு எதிரான கணக்கு. இதை நான் உரக்கச் சொல்கிறேன்.

இத்தாலியில் மட்டும்தான் இது நடக்குமா? பக்கத்து நகரமான பொலோன்யாவில் லா பராக்கா என்ற நாடகக் குழு, 1976இல் தொடங்கியது. 1987 முதல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்றே காப்பகங்களோடு சேர்ந்து நாடகம் உருவாக்குகிறது. நகராட்சி அதற்குத் துணை நிற்கிறது. நார்வேயில் 1998இல் க்ளாங்ஃபூகல் என்ற முயற்சி தொடங்கியது. அரசின் கலை மன்றம் பின்னால் நின்றது. மூன்று வயதுக்குட்பட்டவருக்கான கலை என்று ஒரு துறை உண்டு என்பதைக் கலைஞர்களையே நம்ப வைத்தது. அது 2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு ஆறு நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தில் 2006இல், எடின்பரோ நகரின் வடக்கே, வசதி குறைந்த மக்கள் வாழும் பகுதியில் இருந்த ஒரு கலை மையத்தில் ஸ்டார்கேட்சர்ஸ் தொடங்கியது. கலைஞரைக் கொண்டுவந்து அங்கே தங்கவைத்து, குழந்தைகளோடு வேலை செய்யவிட்டார்கள். பின்னர் மற்ற ஊர் அரங்குகளுக்கும் அது போனது.

அதே ஸ்காட்லாந்தில் 2010இல் கேத்தரின் வீல்ஸ் என்ற குழு 'வெள்ளை' என்று ஒரு நாடகம் போட்டது. இரண்டு வயதுப் பிள்ளைகளும் பார்க்கலாம். மேடை முழுக்க வெள்ளை. இரண்டு பேர் பறவைக் கூடுகளையும் முட்டைகளையும் பராமரிக்கிறார்கள். நிறமுள்ள எது வந்தாலும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். ஒரு நாள் சிவப்பு முட்டை ஒன்று வருகிறது. அவ்வளவுதான் கதை. அந்தச் சிவப்பு முட்டையை என்ன செய்வது? இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி விளங்குகிறது. அருகிலிருக்கும் தாத்தாவுக்கும் விளங்குகிறது. எந்த அளவுக்குப் பொறுமையாகப் பிள்ளைகளை அறிந்திருந்தால் ஒரு முட்டையில் ஒரு நாடகத்தை வைக்க முடியும்! அந்த நாடகம் பல நாடுகளுக்குப் பயணம் போனது.

இங்கே ஒரு தப்பான வாதத்தை விலக்க வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் வாதம்தான். 2000இல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் போன்ற அறிஞர்கள், பிஞ்சு வயதில் செலவிடும் பணம் பின்னால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று காட்டியிருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன். நிதித்துறைச் செயலாளரிடம் பேசும்போது அந்தக் கணக்கு உதவும் என்றால் சொல்லுங்கள். ஆனால் நமக்குள் பேசும்போது அது போதுமா? பிள்ளை முப்பது வயதில் வரி கட்டும் என்பதற்காகவா மூன்று வயதில் பாட்டுக் கேட்க வேண்டும்? மூன்று வயதுப் பிள்ளை இன்றைக்கே இந்த நாட்டுக் குடிமகள். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டும் ஓய்வும் மட்டுமல்லாமல் பண்பாட்டு வாழ்விலும் கலைகளிலும் பங்கேற்பதும் குழந்தையின் உரிமை என்கிறது. இத்தனை வயதுக்கு மேல்தான் என்று அதில் இல்லை. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதை நிறைவேற்றுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. அந்த ஒன்றை யார் செய்கிறார்கள்? இதோ முன்வரிசையில் இருக்கிற அங்கன்வாடிச் சகோதரிகள்தான். காலையில் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். எடை பார்க்கிறார்கள். சத்துமாவு கொடுக்கிறார்கள். தடுப்பூசிக்கு ஆள் திரட்டுகிறார்கள். கைப்பேசியில் பதிவேற்றுகிறார்கள். இடையில் கிடைக்கும் நேரத்தில் பாட்டும் சொல்லித்தருகிறார்கள். அவர்களிடம் இன்னொரு வேலையைச் சுமத்த நான் வரவில்லை. அவர்களுக்குத் துணையாக ஓர் ஆள் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அந்த ஆள் நம் ஊரிலேயே இருக்கிறார். தோல்பாவை ஆட்டத் தெரிந்தவர் இருக்கிறார். வில்லுப்பாட்டுக்காரர் இருக்கிறார். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, கல்யாண மண்டப வாசலில் பெயர்ப்பலகை வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களை நாம் எப்போது கூப்பிடுகிறோம்? நவம்பர் 14, குழந்தைகள் தினம். ஒரு மணி நேர நிகழ்ச்சி. ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, பஸ் செலவுக்கு ஒரு கவர். பொன்னாடையைக் கொண்டுபோய் அவர் என்ன செய்வார்? வீட்டில் பெட்டி நிறைய அதுதான் இருக்கிறது! அந்தக் கவரில் அரிசி வாங்கலாம். ஆனால் அடுத்த நாள் அதே பிள்ளைகளிடம் திரும்பி வந்து உட்கார முடியாது.

பணம் எங்கே என்பீர்கள். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களில் இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து சோறு. அன்றைக்கும் இதே கேள்வியைக் கேட்டார்கள்: பணம் எங்கே, வீண்செலவு, கஜானா காலியாகும். என்ன ஆயிற்று? 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. பின்னால் வந்த ஒவ்வோர் அரசும் ஏதாவது ஒன்றைச் சேர்த்ததே தவிர, எந்த அரசும் நிறுத்தத் துணியவில்லை. இன்று அந்தத் திட்டத்தை வீண் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? முடிவு முதலில் வந்தது; பணம் அதன் பின்னே வந்தது.

நான் கேட்பது அதைப்போலப் பெரிய தொகைகூட இல்லை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு கலைஞர். மாதம் 30,000 ரூபாய் சம்பளம். பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 14 கோடிக்கும் சற்றுக் குறைவு. ஒரு மாநிலத்துக்கு இது ஒரு தொகையா? அவர் ஒன்றியத்தின் எல்லா அங்கன்வாடி மையங்களுக்கும் ஓட வேண்டாம். ஓடவிட்டால் மறுபடியும் ஒரு மணி நேர நிகழ்ச்சிதான் மிஞ்சும். ஓர் ஆண்டில் நாலைந்து மையங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாதங்கள். அதே பிள்ளைகள், அதே பணியாளர். மறு ஆண்டு வேறு மையங்கள். பணி ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருக்க வேண்டும். செய்ததை எழுதியும் படமெடுத்தும் வைக்க வேண்டும்; ஊர் மக்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க முடிய வேண்டும். நகரங்களுக்கு மாநகராட்சிகளும் நகராட்சிகளும் தனியாக ஒதுக்கட்டும். ஒரு நகராட்சியால் இது முடியும் என்பதற்குத்தான் இவ்வளவு நேரம் ரெஜ்ஜோவைப் பற்றிப் பேசினேன்.

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, எதையாவது கோமாளித்தனமாகச் செய்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அதைக் களைய வேண்டும். சம்பளம் கேட்கிற நாம் வேலையையும் அதற்குத் தக்கபடி செய்துகாட்ட வேண்டும்.

தோழர்களே, நான் சொன்ன இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். சமூக நலத்துறை அமைச்சருக்கும் கலை பண்பாட்டுத்துறைக்கும், நம் தொகுதி உறுப்பினருக்கும் அது போகிறது. வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன் அவர்கள் கையில் சேர வேண்டும். வெளியே மேசையில் தாள் இருக்கிறது. பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். பக்கத்து வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் அதன் தாயிடமும் ஒரு தாள் கொண்டுபோய்க் கொடுங்கள்.